அத்தானின் ஐஸ் ஹொக்கி அணியும் அம்மாவின் தேங்காயும்

வோல்கா நதிக்கரையில் பிறந்து, லண்டன் ஈஸ்ட் ஹாமில் நிலைகொண்ட எங்கள் அத்தான் இறைவனடி சேர்ந்து ஓராண்டாகிறது. எங்கள் குடும்ப நினைவு மலரில் இப்படியொரு பிறப்பிடம் அச்சேறுவது இதுவே முதல் தடவை.

அத்தான் ரஷ்யாவில் ஐஸ் ஹொக்கித் தடுப்பாட்ட வீரர். பறந்துவரும் ரப்பர் வட்டைப் பலமுறை முகத்தாலேயே தடுத்ததில் முன்பற்கள் போயின. முழங்காலும் உடைந்து ஆட்டத்தை விட்டபோது, அவருக்குக் கட்டுப்போட்டவர் அங்கே மருத்துவம் படித்த என் அக்கா. திருமணமும் அங்கேயே நடந்தது.

அம்மாவுக்குப் பெரிய கவலை. "வெள்ளைக்காரன் எண்டதைப் பொறுப்பன். பல்லில்லாதவனை எப்பிடியடா சபையில காட்டுறது?"

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அக்காவுக்கு நாங்கள் இருந்த லண்டனிலேயே வேலை கிடைக்க, அத்தானும் வந்தார். பயிற்சியாளர் வேலை கேட்டு அலைந்தார். ஒரு ஐஸ் மைதான முதலாளி மட்டும், "அணியொன்றைச் சேர்த்துக்கொண்டு வா, பார்ப்போம்" என்றார். அதுவும் சரிவராவிட்டால் ரஷ்யாவுக்கே திரும்புவதென்று அக்காவும் அத்தானும் முடிவெடுத்தார்கள்.

அன்றுதான் அம்மா தொலைபேசியைக் கையில் எடுத்தார். ஐரோப்பாவிலிருந்து மாறிவந்து இங்கே கடை நடத்திய தமிழர் ஒருவரையும் விடவில்லை. "தம்பி, நீ நோர்வேயில இருந்தனி தானே? ஐஸில விழாமல் நிக்க ஏலுமோ? அப்ப ஞாயிற்றுக்கிழமை வா."

முதல் ஆட்டத்தன்று, புது வாகனத்துக்குச் செய்வதை அணிக்கும் செய்யவேண்டுமென்று அம்மா தேங்காயோடு வந்தார். யாரும் தடுக்குமுன் மைதான நடுவில் ஓங்கி அடித்தார். தேங்காய் உடையவில்லை. ஐஸ் உடைந்தது.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தப் போனார். முதலாளி முகம் சிவந்து நின்றார். அத்தான் அம்மாவுக்கு முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நான்தான் செய்யச் சொன்னேன். இது எங்கள் வழக்கம்" என்றார். பிறகு அந்த முழங்காலை ஊன்றியிருந்து, பனித்தூளும் தண்ணீரும் விட்டுப் பள்ளத்தை நிரப்பினார். அம்மா தன் சால்வையை மடித்து நீட்டினார். "தம்பி, கால் விறைக்கும். இதுக்கு மேல இருங்கோ." அத்தானோடு அவர் நேரே பேசியது அதுவே முதல் தடவை.

ஆட்டம் நடந்தது. எங்கள் சனம் குடும்பம் குடும்பமாக வந்து ரோல்ஸும் தேநீருமாகக் கத்தியதில், வெறும் இருக்கைகளையே பார்த்துப் பழகிய முதலாளி வேலையை நிரந்தரமாக்கினார். அக்கா எங்களோடேயே இருந்தார்.

நோயுற்ற கடைசி மாதங்களிலும் அத்தான் சக்கர நாற்காலியில் மைதானம் போய் அணியைத் திட்டினார். அவரைப் பராமரித்த தாதியருக்கும், சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், வழுக்காமல் பெட்டியைச் சுமந்த அணியினருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

எழுதி முடித்து, வேறென்ன சேர்க்க என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கடைசிவரைக்கும் ஒரு மட்சும் வெல்லேல்லை எண்டு மட்டும் எழுதிப்போடாதை" என்றார். "மேல இருந்து பாத்துப் பிள்ளை மனவருத்தப்படும்."