சுபம், எழும்புங்கோ

போன ஞாயிறு பின்னேரம் என் வீட்டு முன்னறையிலிருந்து என்னையே வெளியேற்றிவிட்டார்கள்.

வெளியேற்றியது மூன்று பேர். என் மகள் ஷெரின். அவளோடு கம்பியூட்டர் கோர்ஸ் படிக்கிற எருக்கலம்பிட்டி ரிஸ்னா. வெள்ளாங்குளத்திலிருந்து பஸ் ஏறி வருகிற டிலக்சன். என் மேல் குற்றச்சாட்டு — படம் ஓடும்போது ரீவிக்குக் குறுக்கே நடந்துகொண்டே இருந்தேனாம்.

“அன்ரி, ஒண்டில் இருங்கோ, இல்லாட்டிக் குசினிக்குப் போங்கோ” என்றான் டிலக்சன். மரியாதையாகத்தான் சொன்னான்.

போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்... அன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதலில் பிள்ளைகளைப் பற்றி. மூன்று பேருக்கும் இருபது, இருபத்தொரு வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்தால் எங்கள் வீட்டில் படம். போனை ரீவியோடு கொழுவிவிட்டு, கதிரைகளைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு, நிலத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். பார்ப்பது கறுப்பு வெள்ளைப் படம். நான் பிறப்பதற்கே முந்திய படங்கள். இவர்கள் பிறப்பதற்கு எவ்வளவு காலம் முந்தியவை என்று கணக்குப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது.

இதே பிள்ளைகள் புதுப்படம் பார்ப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். ஒன்றரை மடங்கு வேகம். பாட்டு வந்தால் தள்ளிவிடுவார்கள். சண்டை வந்தால் அந்த இடைவெளியில் யாருக்காவது மெசேஜ். ஆனால் பழைய படம் என்றால் பெயர் எழுத்து ஓடும்போதே வாயை மூடிக்கொள்கிறார்கள். கதாநாயகி மாடிப்படியில் இறங்கி முடிக்கிற நேரத்தில் நான் ஒரு பானைச் சோற்றுக்கு உலை வைத்துவிடலாம். இவர்களோ அவள் கடைசிப் படியில் கால் வைக்கும் வரை கண் வாங்காமல் பார்க்கிறார்கள்.

வில்லன் சிரித்தால் கூடவே சிரிக்கிறார்கள். டிலக்சன் அந்தக் காலத்து நீள வசனங்களை மூச்சு விடாமல் பேசிக் காட்டுகிறான். ஷெரின் ஒருநாள் நெற்றியில் சுருள் முடி இழுத்துவிட்டுக்கொண்டு கோர்ஸுக்குப் போய் வந்தாள். சரி, கேலிக்காகத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. படத்தில் தாய் சாகிற இடத்தில் மூன்று பேரும் மூக்கை உறிஞ்சுகிறார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது என்று இதே பத்தியில் முன்பொரு வாரம் நானே எழுதியிருக்கிறேன். அதை வாபஸ் வாங்குகிறேன். பொறுமை இல்லாதவள் நான்தான்.

“அப்பிடி என்னதான் இருக்குது அந்தப் படங்கள்ல?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

ரிஸ்னா பதில் சொன்னாள். “புதுப்படம் தியேட்டருக்கு வர முந்தியே முடிவப் போனில போட்டுடுறாங்க அன்ரி. பழைய படத்திட முடிவ எங்களுக்கு ஆரும் சொல்றேல்ல. தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் வயசான ஆக்கள். அவங்க எங்களோட படம் கதைக்கிறேல்லத்தானே.”

நல்ல பதில். ஆனால் அதில் ஒரு சின்னப் பிழை இருந்தது. வயசான ஆட்களுக்கு முடிவு தெரியும் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் ஒரு பழைய படத்தின் முடிவும் தெரியாது.

சிரிக்காதீர்கள். சண்டைக் காலத்தில் எங்களுக்குக் கரண்ட் கிடையாது. பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை வாங்குவது, கலியாணம், பிறந்தநாள் என்றால் அந்த வீட்டில் ‘டெக்’ பிடிப்பார்கள். அதாவது ரீவி, கசெற் போடுகிற டெக், ஜெனரேட்டர், மூன்று படக் கசெற் — எல்லாம் வாடகைக்கு. கொண்டு வருகிறவர் யோசேப்பு அண்ணன். டெக் யோசேப்பு என்றால்தான் ஊருக்குத் தெரியும். இரவில் ஊரடங்கு என்பதால் யன்னலுக்குப் போர்வை கட்டிப் பகலில்தான் படம் ஓடும். முதல் இரண்டு கசெற்றும் புதுப்படம், இளசுகளுக்கு. மூன்றாவது பழைய படம், பெரியவர்களுக்கு.

அந்த மூன்றாவது படம் ஒருநாளும் முடிந்ததில்லை. ஊரடங்குக்கு முன் யோசேப்பு அண்ணன் சாமான்களோடு வீடு போய்ச் சேர வேண்டுமே? நேரம் வந்தால் திரையில் யார் அழுதாலும் சரி, யார் சாகக் கிடந்தாலும் சரி, ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார். சனம் கத்தும். அவர் பாட்டுக்கு வயரைச் சுருட்டிக்கொண்டே மிச்சக் கதையைச் சொல்வார்.

“அவன் திரும்பி வாறான். கலியாணம் நடக்குது. சுபம். எழும்புங்கோ.”

எந்தப் படமானாலும் இதே முடிவுதான். ஒரு தடவை சாமிப் படத்துக்கும் இதையே சொன்னார்! நாங்களும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஏன் நம்ப மாட்டோம்? கசெற் வைத்திருக்கிறவருக்குப் படத்தின் முடிவு தெரியாதா?

அந்தப் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. ஒரு படம் முடியப்போகிறது என்று தெரிந்தால் என் கால் தானாக எழும்பிவிடும். “அம்மாவுக்கு ஜெனரேட்டர் நிண்டிட்டுது” என்பாள் ஷெரின்.

யோசேப்பு அண்ணனின் கதையைக் கேட்ட நாளிலிருந்து பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். படம் போடுவதற்கு முன் என்னிடம் முடிவைக் கேட்பார்கள். பிறகு அதைச் சரிபார்ப்பதற்கென்றே பார்ப்பார்கள். கலியாணத்தில் முடிகிறது என்று நான் சொன்ன படத்தில் கதாநாயகன் தூக்குமேடை ஏறினான். ஊர் திரும்புகிறான் என்று சொன்னவன் சந்நியாசியாகப் போனான். நானும் சேர்ந்து சிரித்தேன், போன ஞாயிறு வரை.

அன்று பூசை முடிந்து வரும் வழியில் என் அக்கா பிலோமினா ஷெரினைக் கூப்பிட்டாள். அக்காவின் வீடு எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம்.

“பிள்ளை, அந்தக் கப்பல்ல போறவன்ர படம் உங்கட போனில கிடக்குமோ? கிடந்தா இண்டைக்கு அதைப் போடுங்கோ. நானும் வாறன்.”

எனக்குப் பகீர் என்றது.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் முடிவை எழுதி அனுப்பிவிடுவீர்கள். கதை இதுதான். கடற்கரை ஊர். கதாநாயகன் கப்பலில் வேலைக்குப் போகிறான். காதலி ஒவ்வொரு பொழுதும் யன்னலில் ஒரு விளக்கு ஏற்றி வைத்துக் காத்திருக்கிறாள். அவள் விளக்கு ஏற்றுகிற ஒரு காட்சியில்தான் சண்டைக் காலத்தில் ஒருநாள் எங்கள் ஜெனரேட்டர் நின்றது.

அது அக்காவின் கலியாண வீடு. மாப்பிள்ளை, எங்கள் அத்தான், அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து படம் பார்த்தார். யோசேப்பு அண்ணன் “சுபம்” என்று சொன்னதும் கை தட்டியவர் அவர்தான். அடுத்த வருடம் அத்தான் தொழிலுக்குக் கடலில் போனார். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை. ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை.

அக்கா தாலியைக் கழற்றவில்லை. வெள்ளை உடுக்கவில்லை. நவம்பரில் மரித்தவர்களுக்கான பூசைக்கு எங்கள் ஊரில் எல்லாரும் தங்கள் வீட்டுப் பெயர்களைக் கொடுப்பார்கள், பங்குச் சுவாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். அத்தானின் பெயரை அக்கா ஒரு வருடமும் கொடுத்ததில்லை. அதற்குப் பதிலாக மாதத்தில் ஒரு பூசையைப் ‘பிரயாணம் செய்கிறவர்களுக்காக’ என்று ஒப்புக்கொடுக்கிறாள். புதிதாக மாறி வரும் சுவாமிமார் விவரம் தெரியாமல் “ஆர் அம்மா, எங்க பிரயாணம்?” என்று கேட்பதுண்டு. “கடல்ல, சுவாமி” என்பாள்.

உறவுக்காரர் யாராவது ‘அவர் இனி வரமாட்டார்’ என்று நச்சரித்தால் அவளிடம் ஒரு பதில் இருக்கும். “அந்தப் படத்திலயும் எல்லாரும் உப்பிடித்தான் சொன்னவை. பேந்து அவன் வந்தவன்தானே?”

என் கால்கள் ஏன் ஓரிடத்தில் நிற்கவில்லை என்று இப்போது விளங்குகிறதா?

பிள்ளைகள் படத்தைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். அத்தான் கடலில் போனார் என்பது ஷெரினுக்குத் தெரியும். இந்தப் படத்துக்கும் அதற்கும் இருக்கும் தொடுப்பு அவளுக்குத் தெரியாது. அவர்கள் முன்னறையில் படம் போட, நான் குசினிக்குள் போய் என் போனில் அதே படத்தை எடுத்து, சத்தத்தை அடைத்து, விரலால் கடைசிக்கு இழுத்தேன்.

தந்தி வருகிறது. காதலி பிரித்து வாசிக்கிறாள். கப்பல் மூழ்கிவிட்டது. அவள் யன்னலடிக்குப் போய் விளக்கை ஊதி அணைக்கிறாள். வணக்கம்.

அவ்வளவுதான். யோசேப்பு அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் செய்யாத கூத்து இல்லை. தேத்தண்ணி கொண்டுபோய் நடுவில் நீட்டினேன். “மழை வரப்போகுது, கருவாடு காயுது” என்றேன். வானத்தில் மருந்துக்கும் ஒரு முகில் இல்லை. “அக்கா, வளவுக்குள்ள கழுதை பூந்திட்டுது” என்றேன். தெருவெல்லாம் கழுதை திரிகிற எங்கள் ஊரில் இதற்கு அசையாத பொம்பிளை கிடையாது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “தின்னட்டும்” என்றாள். நினைத்த நேரமெல்லாம் போகிற கரண்ட், அன்றைக்கென்று பார்த்துப் போகவே இல்லை.

அந்த நேரத்தில்தான் டிலக்சன் என்னைக் குசினிக்கு அனுப்பினான்.

மெயின் சுவிட்ச் குசினிக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் கை வைத்தேன். ஒரு சொடுக்கு. ‘கரண்ட் போயிற்று’ என்று சொல்லி, வயரைச் சுருட்டி, கதையை நானே முடித்துவிடலாம். அவன் திரும்பி வாறான், கலியாணம் நடக்குது...

“அம்மா, என்ன செய்யிறீங்கள்?” ஷெரின் தண்ணி எடுக்க வந்திருந்தாள்.

இரண்டே மூச்சில் சொல்லி முடித்தேன். தந்தி, விளக்கு, அக்கா, அத்தான். அவளுடைய முகம் வெளுத்துவிட்டது. “கரண்டை நிப்பாட்டுங்கோ அம்மா” என்றாள். முன்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“மேரி, என்ன அங்க குசுகுசுப்பு? வந்து இரு. இண்டைக்கு ஜெனரேட்டர் நிக்காது.”

கையை எடுத்தேன். இத்தனை வருடமாக ஒரு முடிவைப் பார்க்கக் காத்திருக்கிற மனுசி. அவளுக்குக் குறுக்கே நிற்க நான் யார்? ஷெரினும் நானும் போய் அக்காவுக்கு இரண்டு பக்கமும் இருந்தோம்.

தந்தி வந்தது. காதலி வாசித்தாள். விளக்கை அணைத்தாள். வணக்கம் என்ற எழுத்து வந்து அப்படியே நின்றது.

ரிஸ்னா தலைச் சோலின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிலக்சன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். நான் திரையைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைப் பார்த்தேன். அது தாலியைப் பிடித்திருந்தது.

“இதென்ன?” என்றாள் அக்கா. “ஒரு தந்திதானே வந்தது?”

அக்கா திரையைக் கை நீட்டிக் காட்டினாள்.

“கப்பல் மூழ்கிப்போச்செண்டு ஆரோ எழுதியிருக்கிறான். எழுதினவன் கண்டவனோ? அதுக்கு இவள் என்னத்துக்கு விளக்கை நூத்தவள்?” அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “படத்தைப் பிழையா எடுத்துப்போட்டாங்கள்.”

ரிஸ்னாவுக்கு எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள், “ஓம் பெரியம்மா. அவர்ட மையத்த, பிரேதத்தக் காட்டேல்லத்தானே? எங்கட காலத்துப் படங்கள்ல மையத்தக் காட்டாட்டி ஆள் சாகேல்ல எண்டுதான் அர்த்தம். பார்ட் டூவில வருவார்.”

அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஷெரின் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அக்கா மெல்லத் திரும்பி ரிஸ்னாவைப் பார்த்தாள்.

“பார்ட் டூ எண்டா?”

“மிச்சக் கதை, பெரியம்மா. ரெண்டாம் பாகம்.”

“அது உங்கட போனில கிடக்கோ?”

“இல்ல பெரியம்மா... இன்னும் எடுக்கேல்ல.”

அக்கா தாலியைச் சட்டைக்குள் விட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பாயில் வசதியாகச் சாய்ந்தாள்.

“எடுக்கட்டும்” என்றாள். “நான் இருக்கிறன்தானே.”

டிலக்சன் ரீவியை நிறுத்த ரிமோட்டை நீட்டினான்.

“விடு மோனை” என்றாள் அக்கா. “நூக்காத. அது எரியட்டும்.”

கரண்ட் பில் என் பெயரில்தான் வருகிறது. இருந்தும் நான் எழும்பவில்லை.