சவரியாயி வைத்த சேனை

வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில் வேதக்காரக் குடும்பம் ஒன்றே ஒன்றுதான். சந்தியாகு, அவர் மனைவி சவரியாயி, ஒரே மகன் சூசை. மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிறவள் சவரியாயிதான். கொழுந்து பறிக்கிற அதே கையால் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேரை எடுத்தவள். என் பிள்ளைகளும் அவள் கையில்தான் முதல் அழுகை அழுதன.

மாரியம்மன் திருவிழாவில் கிடாவெட்டுக் கறி கொண்டுபோனால் வாங்க மாட்டாள். "சாமிக்குப் படைச்சத நான் திங்கக் கூடாது நாகு, கோவிச்சுக்காத" என்பாள். ஆனால் நாங்கள் கரகம் பார்க்கப் போகும்போது கைப்பிள்ளைகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு திண்டாடுகிறவளும் அவளேதான். "எங்க புள்ளைங்கள தூக்கணும்னு ஒங்க சாமி சொன்னாராக்கா?" என்று கேலி செய்வேன். "சொன்னாரு. ஒன் மகன் இம்புட்டு கனம்னு மட்டும் சொல்லல" என்பாள்.

அந்தச் சவரியாயியின் மகன் முப்பத்தேழாம் வருஷம் மாசியில் செத்தான். நோய் நொடியில்லை. மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குடம் பிடிக்கிற சண்டை. குடித்துவிட்டு வந்த ஆண்டியப்பன் பெண்களின் குடங்களை எட்டி உதைத்தான். சூசை போய்க் கையைப் பிடித்தான். ஆண்டியப்பன் இடுப்பில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. அவ்வளவுதான். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி. என் குடம் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே சூசையின் உயிர் போய்விட்டது. ஒரு குடம் தண்ணீருக்காக ஒருத்தன் சாவானா? இன்றைக்கும் என் மனம் அதை ஏற்க மாட்டேன் என்கிறது.

ஆண்டியப்பனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சவரியாயி அவன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள் என்று லயமே காத்திருந்தது. அவள் மண்ணைத் தொடவில்லை. ஆண்டியப்பன் மனைவி வேலாயி அப்போது பிள்ளைத்தாச்சி. அவள் எதிரே வந்தால் சவரியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள், வேறொன்றும் இல்லை. எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"என்னக்கா, பெத்த வயிறுதானே? ஒரு சாபங்கூடவா வரல?" என்று கேட்டேவிட்டேன்.

"வருது நாகு. வாய் வரைக்கும் வருது" என்றாள்.

ஆடி மழையில் வேலாயிக்கு வலி கண்டது. கொலைகாரன் வீடு என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என் கடைக்குட்டிக்குக் காய்ச்சல், அதனால் அன்று நான் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் லயத்தில் இருந்தேன். வேலாயியின் மாமியார் காளியாயி வந்து என் காலில் விழுந்தாள். போய்ப் பார்த்தால், பிள்ளையின் கால் முன்னால் வந்திருந்தது. மருந்து கொடுக்கிற ஐயாவோ வேறு தோட்டத்துக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக நாலு ஆள் கேட்கலாம் என்று கங்காணியிடம் மலைக்கு ஓடினேன்.

சவரியாயி அங்கேதான் நிரையில் நின்று கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். சத்தியமாக நான் அவளைக் கூப்பிடப் போகவில்லை. எந்த வாயால் கூப்பிடுவது? கங்காணியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. எல்லாப் பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் கூடையை இறக்கினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தாள்.

பக்கத்து மலையில் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டிக்கொண்டிருந்த சந்தியாகு விஷயம் தெரிந்து ஓடிவந்தார். "ஏ புள்ள! அவன் வாசல மிதிச்சா என் வாசல மிதிக்காத!"

"சரிங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழவில்லை, கெஞ்சவில்லை, 'சரிங்க' என்று சொல்லிவிட்டு மழையில் சறுக்கிக்கொண்டே ஓடினாள்.

காளியாயி கதவை மறித்து நின்றாள். "எம்மவன் செஞ்சதுக்கு எம்பேரன எடுக்க வந்திருக்கியாடி?"

"தள்ளுங்க. தண்ணி காய வைங்க."

பிறகு நடந்ததை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. பொழுது சாயும் நேரம் பிள்ளை வந்தது. நீலம் பாரித்துப்போயிருந்தது, அழவில்லை. சவரியாயி அதன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அடித்தாள். அடி என்றால் சும்மா தட்டு இல்லை. காளியாயி "கொல்றாளே!" என்று கத்தினாள். என் பிள்ளையையும் அவள் அப்படித்தான் அடித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கணம் நானும் அவளைச் சந்தேகப்பட்டேன். அப்போதுதான் பிள்ளை வீரிட்டது.

பிறந்த பிள்ளையின் வாயில் முதலில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் நம்பிக்கை. நல்லவர்களாகத் தேடிப் பிடித்து வைக்கச் சொல்வோம். வேலாயி படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். "அக்கா, நீங்களே வைங்க. இவன் இவுக அப்பன மாதிரி ஆயிடக் கூடாது."

"எனக்கு அதுல நம்பிக்க இல்ல வேலாயி."

"எனக்கு இருக்குக்கா."

 சவரியாயி சீனித்தண்ணீரில் விரலை வைத்தாள். காளியாயி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.  சவரியாயி கையை உதறவில்லை. அந்த விரலைத் தன் வாயில் வைத்துச் சப்பிக் காட்டினாள். காளியாயி கையை விட்டாள். அதன் பிறகு இன்னொரு முறை தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். அது சப்புக்கொட்டியது.

நான் அவளை வீடு வரை கொண்டுபோய் விட்டேன். கதவு சாத்தியிருந்தது. அவள் தட்டவும் இல்லை, நனைந்த சேலையோடு வாசலில் நின்றாள். "அண்ணே, கதவத் தொறங்க!" என்று நான்தான் கத்தினேன்.

உள்ளே இருந்து சந்தியாகுவின் குரல் வந்தது. "பொழச்சிருச்சா?"

"பொழச்சிருச்சுங்க. ஆம்பளப் புள்ள" என்றாள்.

 "ஏன் புள்ள போன? கோயில் சாமியாருக்கு நல்லவளாத் தெரியவா?" என்றார். 

"இல்லீங்க. நான் நல்லவ இல்ல" என்றாள் சவரியாயி. "அந்தப் புள்ள செத்துச்சுன்னு சேதி வந்தா நான் சந்தோசப்பட்டிருப்பேங்க. அதான் பயந்துபோய் ஓடுனேன்."

இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவளை எனக்குத் தெரியவே தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே அவர் விம்முகிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் திறந்தது.