அட்டமியில் கிடைத்த நான்கு இருக்கைகள்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மீன் லொறி, வவுனியாவில் அரிசி ஆலை, கட்டாரில் ஹோட்டல் சமையலறை என்று அலைந்து, கடைசியில் கட்டடச் சாமான் ஏற்றும் சிறு லொறியோடு காங்கேசன்துறையில் நின்றேன். அப்போதுதான் வங்கியில் ஒரு கிறெடிட் காட் தந்தார்கள். அதில் வாங்கினால் புள்ளி சேரும், புள்ளிக்கு விமானச் சீட்டு எடுக்கலாம் என்றார்கள்.

எனக்கு அது வேண்டியிருந்தது. மனைவியை வளர்த்த அக்கா திருச்சிப் பக்கம் அகதி முகாமில் இருந்தா. நீரிழிவால் அவவின் கண் மங்கிக்கொண்டு வந்தது. எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளையும் அவ நேரில் கண்டதில்லை. அக்கரைக்குக் கப்பலில் போவது மலிவுதான். ஆனால் சிறுவயதில் அகதியாகப் படகில் அக்கரை போய்த் திரும்பிய மனைவி, மறுபடி கடலில் கால் வைக்கமாட்டேன் என்றுவிட்டாள்.

ஆகவே ஊராருக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தேன். உரும்பிராயில் ஒருவருக்கு இறைக்கும் மோட்டர், இன்னொருவருக்குத் தரை ஓடு. “காசை என்னட்டைத் தாங்கோ, காட்டை நான் இழுக்கிறன்” என்று கடைவாசல்களில் நின்றேன். வாங்கிய காசை அன்றைக்கே வங்கியில் கட்டிவிடுவேன். வட்டி ஏறினால் புள்ளியால் பயனில்லை. ஒன்றரை வருடத்தில் நான்கு பேருக்குச் சேர்ந்தது.

பலாலியிலிருந்து சென்னைக்கு நாள் பார்த்தோம். வங்கிப் பிள்ளை கணினியைப் பார்த்துச் சிரித்தாள்.

“அண்ணை, நல்ல நாளெல்லாம் சனம் காசு குடுத்து எடுத்திட்டுது. புள்ளிக்கு மிஞ்சினது செவ்வாயும் அட்டமியும்தான்.”

விமானம் முழுக்க எங்கடை சனம். எல்லார் வீட்டிலும் பஞ்சாங்கம். மனைவி இரண்டு முறை மறுத்தாள். மாதமுடிவில் புள்ளி செத்துவிடும் என்று வங்கியிலிருந்து தகவல் வந்தது. அந்த வாரம் அக்கா தொலைபேசியில் சொன்னா:

“வாசலிலை நிக்கிறது ஆளோ மரமோ எண்டு தெரியேல்லையடி.”

மனைவி போனை வைத்தாள். “இஞ்சாருங்கோ, அட்டமியெண்டாலும் போடுங்கோ. வெள்ளிக்கிழமை நல்ல நேரத்திலை பையை முன்வீட்டிலை கொண்டுபோய் வைப்பம். பயணம் அண்டைக்கே வெளிக்கிட்டதாப் போகும்.”

அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் உண்டு. முக்கியமானது போனால்தான் பயணம் என்று நாலு பாஸ்போட்டையும் அந்தப் பைக்குள் வைத்தாள்.

அட்டமியன்று காலை முன்வீட்டுக்குப் போனேன். ஒருநாளும் பூட்டாத கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. விமான நிலையத்துக்கு எங்களை ஏற்ற வந்த வான்காரர் தெருவில் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். கடற்கரைக்கு ஓடினேன். அந்த வீட்டு மச்சாள் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தா.

“மச்சாள், திறப்பு எங்கை? ஏன் பூட்டினனீங்கள்?”

“ஆரின்ரையோ பயணம் என்ரை வீட்டிலை கிடக்குது. களவு போனா நானே பறக்கிறது?” மடியிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினா. “மூச்சு விட்டிட்டு ஓடும். நீர் விழுந்தா உம்மடை அட்டமிக்குத்தான் நல்ல பேர்.”

மீன் செதில் ஒட்டிய திறப்போடு திரும்பி ஓடினேன். விமான நிலையத்தில் எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. நாங்கள்தான் கடைசி.

சென்னையிலிருந்து பஸ். மறுநாள் காலை முகாமின் தகர வீட்டு வாசலில் பிள்ளைகளை வெளிச்சத்தில் நிறுத்தினோம். அக்கா நெருங்கி வந்து, தலையைச் சரித்து, நெடுநேரம் பார்த்தா.

“இவளுக்கு முன்பல்லு எங்கையடி?” என்று சின்னவளைக் காட்டிக் கேட்டா.

போன கிழமைதான் விழுந்தது. நாங்கள் சொல்லியிருக்கவில்லை. மனைவி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அலைந்தே பழகிய நான் வெளியே போய், அங்கிருந்து எந்த ஊருக்கெல்லாம் பஸ் போகிறது என்று தேநீர்க் கடையில் விசாரித்தேன்.