விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

என் போன் முழுக்கப் படங்கள். ஒன்றில்கூட அருவி கிடையாது. தென்காசியில் குடியிருந்துகொண்டு குற்றாலத்துக்குப் போய் அருவியைப் படம் எடுப்பதெல்லாம் வெளியூர்க்காரன் வேலை என்பது என் கட்சி. நான் எடுப்பது கம்பியில் காயும் ஈர பனியன், பாறை இடுக்கில் மாட்டிய ஷாம்பு கவர், சிப்ஸ் கடைச் சட்டியில் பொங்கும் எண்ணெய் நுரை, என் மருந்துக்கடை ஷட்டரில் ஏறியிருக்கும் துரு. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்து ஊரே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தபோது, வரப்பில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பைப் படம் எடுத்துக்கொண்டு வந்தவன் நான். அவ்வளவு திமிர்.

எடுப்பது பாதி வேலைதான். மத்தியானம் கடைக்கு ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து வெளிச்சத்தைக் குறைப்பேன், நிறத்தை ஏற்றுவேன், ஓரத்தை இருட்டாக்குவேன். முக்கியமாக வெட்டுவேன். வேண்டாததை வெட்டி எறிந்தால் மிச்சம் இருப்பதுதான் படம் என்று கேட்டவர்களிடமெல்லாம் பெரிய இவன் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டுக்காரிக்கு அது ஒரே கேலி. "எதையுமே முழுசாப் பாக்க மாட்டியளோ? ஓரத்துல கொஞ்சம் பிச்சிக்கிட்டு வந்திருதிய" என்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சாரல் காலத்தில் ஒரு பொழுது சாய்கிற நேரம். அவள் வாசலில் நின்று தெருவிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்கன வாங்களேன். லைட்டச் சுத்தி வளையம் தெரியுது. வானவில் கணக்கா கலர் கலரா இருக்கு."

நான் போய்ப் பார்த்தேன். எனக்கு வெறும் பல்புதான் தெரிந்தது. தூறலில் அப்படித் தெரியும் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். ரெண்டு நாளாகத் தலை வேறு வலிக்கிறது என்றாள். கடையிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். தலைவலி என்று கடைக்கு வருகிற முன்பின் தெரியாத ஆளிடம், எத்தனை நாளா இருக்கு, கண்ணு கிண்ணு மங்குதா என்று நாலு கேள்வி கேட்காமல் மாத்திரையைத் தரமாட்டேன். வீட்டில் கேட்கவில்லை.

கேட்டது வேறு. விளக்கைப் படம் எடுத்து, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வளையத்தை விரலால் வரைய ஆரம்பித்தேன். "இப்படியா?" என்றேன். "இல்ல, உள்ள நீலம். வெளிய போகப் போகச் சிவப்பு." மாற்றினேன். "இன்னும் கொஞ்சம் கலங்கலா இருக்கணும்." கலக்கினேன். "ஆமா, இதேதான். அச்சு அசலா இதேதான்" என்று குழந்தை மாதிரி சிரித்தாள். என் பட வேலையில் அவள் ஆசையாக வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ரெண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம், அதைத்தான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை. ஸ்டேட்டஸில் போட்டேன். "அண்ணாச்சி, பின்னிட்டிய" என்று அத்தனை பேர் எழுதினார்கள்.

அப்புறம் அவள் டம்ளருக்கு வெளியே ஊற்றிய காபி படமாக வந்தது. கறுப்புக் கல்மேடையில் அது வழிந்து கிடந்த விதத்தை, துடைக்க வந்தவள் கையைத் தடுத்து நிறுத்திவிட்டு எடுத்தேன். அப்புறம் ஒரு மார்கழியில் அவள் போட்ட கோலம். இடது ஓரத்தில் ரெண்டு வரிசைப் புள்ளி இல்லை, கோடு அந்தரத்தில் நின்றது. 'முடியாத கோலம்' என்று தலைப்பு வைத்தேன். அவள் படத்தை வாங்கிப் பார்த்து, "முழுசாத்தான போட்டேன்" என்றாள். ஏட்டி, கலைன்னா அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தேன். என்னத்தச் சொல்ல. எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. நான் அதற்கு நிறம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

போன சீசனில் பழைய குற்றாலம் போனோம். படியோரம் ரம்புட்டான் தோல் சிவப்புச் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. நான் குனிந்து அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் தொப்பென்று சத்தம். படியில் விழுந்து கிடந்தாள். முழங்காலில் ரத்தம். "அங்கன படி இருந்துதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. காலையிலிருந்து என்னென்னவோ மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா கேட்டார்: "முன்னாடி எப்பவாவது லைட்டைச் சுத்தி கலர் வளையம் மாதிரி தெரிஞ்சிருக்காம்மா? கூடவே தலைவலி?"

இவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா டாக்டர். இவுக அத அப்படியே படமாவே பண்ணி வச்சிருக்காக. காட்டுங்களேன்."

எனக்கு அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். ஆனாலும் தேடுகிற மாதிரி தள்ளிக்கொண்டே இருந்தேன். அவள் விடவில்லை. எடுத்து நீட்டினேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனையோ பேஷன்ட் சொல்லிக் கேட்டிருக்கேன். இவ்வளவு சரியா யாரும் காட்டினதில்லை" என்றார். பிறகு, "எப்ப எடுத்தது?"

படத்துக்கு மேலேயே தேதி இருந்தது. நான் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, அப்போதே வந்திருந்தால் லேசரில் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டிருப்போம், கொஞ்ச நேர வேலைதான் என்று சாதாரணமாகச் சொன்னார். இப்போதும் அதைச் செய்யலாம், சொட்டு மருந்தும் போடலாம், இருக்கிறதைப் பிடித்து வைக்கப் பார்ப்போம், போன பார்வை திரும்ப வராது என்றார். அந்தச் சொட்டு மருந்து என் கடை அலமாரியில் ரெண்டாவது தட்டில் எப்போதும் இருக்கும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆலங்குளம் தாண்டியதும், "படம் நல்லாருக்குன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாகல்லா?" என்றாள். அவள் தெரிந்துதான் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

வலது கண் அநேகமாகப் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. நான் படம் எடுப்பதை விட்டுவிட்டேன். பழைய படங்களை அழிக்கவும் கை வரவில்லை.

போன வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் உட்கார்ந்திருந்தோம். தெருவிளக்கு எரிந்தது. "இப்பல்லாம் வளையம் தெரியல" என்றாள். எனக்கு என்ன புத்தி கெட்டதோ, "இப்ப எப்படித் தெரியுது உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் கண் உயரத்துக்குப் போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தேன். தெரு, எதிர்வீட்டுச் சுவர், அங்கே நின்ற பைக், விளக்குக் கம்பம், ஓரத்தில் என் முழங்கால். சுற்றிலும் இருட்டாக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "இப்படியா?" என்றேன்.

தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "கருப்பா இல்லங்க. கருப்புன்னா கருப்பாவது தெரியும்லா. அங்கன ஒண்ணுமே இல்ல."

இருட்டை எடுத்துவிட்டு வெட்ட ஆரம்பித்தேன். முதல் வெட்டிலேயே என் முழங்கால் போனது.

"இவ்வளவா?"

"இன்னும் உள்ள வாங்க."

பைக் போனது. சுவர் போனது.

"இன்னும் கொஞ்சம்."

கம்பமும் பாதி போனது. "போதும், இதான்" என்றாள். ஒரு பல்பும் அதைச் சுற்றிக் கையகல வானமும் மிச்சம் இருந்தது.

"நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

போனை அணைத்துக் கீழே வைத்தேன். நான் எழுந்து போய்விட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, பக்கத்தில் கையை நீட்டி என்னைத் தேடினாள்.