டச்சு மாளிகைக்குப் புது ஃபிரேம்

மலேசியாவில், செர்டாங்கில் ஃபிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம் எல்லாம் வரும். ஒரு படத்துக்காக அண்ணனும் தங்கையும் என் கடையிலேயே சண்டை போட்டது ஒரு தடவைதான்.

அண்ணன் முருகையா, லாரி ஓட்டுநர். பண்டார் பாருவில் புது வீடு கட்டிக் குடிபோக இருந்தார். காலமான அம்மா வைத்திருந்த படத்தை அங்கே மாட்ட வேண்டும் என்று தங்கை சாந்தி கொண்டுவந்திருந்தார். ஃபிரேமைக் கரையான் அரித்திருந்தது. உள்ளே ஒரு பழைய டச்சு ஓவியத்தின் அச்சுப் பிரதி. இரு பக்கமும் மரவரிசை, நடுவே பெரிய மாளிகை.

“தொரை வூட்ட எதுக்கு என் வூட்டுல மாட்டணும்? அம்மா எஸ்டேட்டுல தொரை பங்களாவுல துணி தொவச்சாங்க. நாம கேட்டுக்கு வெளியிலதான் நின்னோம். மறந்துட்டியா?”

“தொரையம்மா ஊருக்குப் போறப்ப என்ன வேணும்னு கேட்டாங்க. அம்மா இதத்தான் கேட்டு வாங்குனாங்கண்ணே.”

“அதான் எனக்குப் புரியல லா!”

அந்தக் காலத்து டச்சு நகரத்துப் பணக்காரர்கள் கிராமப்புறத்தில் இப்படி மாளிகை கட்டி, அதை வரையவும் வைப்பார்களாம். செல்வம், ஓய்வு, ஒழுங்கு எல்லாவற்றுக்கும் அந்த வீடுதான் அடையாளம் என்று எங்கோ படித்திருந்தேன். முருகையாவின் கோபம் தப்பில்லை என்றே பட்டது.

பின்பலகையைக் கழற்றினேன். படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, அதாவது மவுண்ட், கீழ்ப்பக்கம் மட்டும் அகலமாக இருந்தது. ஈரக்கறையை மறைக்க அப்படி வெட்டியிருக்கிறார்கள். அதை எடுத்தால், கறைக்குள் ஒரு புல்வெளி. பெண்கள் ஈரத்துணியைப் புல்லில் விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றாள். அவர்களுக்குப் பின்னால் மாளிகை சின்னதாகத் தெரிந்தது.

முருகையா குனிந்து பார்த்தார். “அம்மாவும் பங்களாப் புல்லுல இப்படித்தான் விரிப்பாங்க.”

“தொரையம்மா குடுத்தப்ப ஃபிரேம் இல்லாம முழுத்தாளாத்தான் இருந்துச்சி,” என்றார் சாந்தி. “அப்பாதான் ஃபிரேம் போட்டுக் கொண்டாந்தாரு. அம்மா ஒண்ணும் சொல்லல.”



“கறை தெரியுமே, மறுபடி மறைச்சிடவா?” என்று கேட்டேன்.

“வேணாம்ணே,” என்றார் முருகையா. “அவங்க தெரியட்டும். வாசல்ல நுழைஞ்சதும் தெரியற மாதிரி நானே மாட்டிக்கிறேன்.”

இப்போதெல்லாம் மவுண்ட் வெட்டுமுன் தாளை முழுசாக மேசையில் விரித்து, எதை மறைக்கலாம் என்று உரியவரிடம் கேட்கிறேன். அதை ஃபிரேம் போடுகிறவன் முடிவு செய்யக் கூடாது.