சம்பூர்ணத்தின் பூப்பாத்தியில் பூனைகள்

மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலில் தோட்டக்காரியாகச் சேர்வதற்கு முன்பு சம்பூர்ணம் மீன் விற்றாள். கூடையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாளே தவிர, மீன் கூவிய தொண்டையை விட்டுவிட்டு வரவில்லை. அவள் செடிகளைத் திட்டினால் செங்கல்பட்டில் பஸ் ஏறுகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

அது எழுபத்து நாலாம் வருஷத்துக் கத்திரி வெயில். வாசல் பாத்தியில் ஜீனியாவும் பெட்டூனியாவும் நின்றன. மேனேஜர் கங்காதரன் ஊட்டிக்குப் போய்வந்த மயக்கத்தில் நடவைத்தவை. அவரே ஒருநாள் முகம் தொங்க வந்தார்.

"மாசக் கடைசியில முதலாளியம்மா வராங்க சம்பூர்ணம். பூ இல்லேன்னா பாத்திய மூடி சிமெண்ட் போட்டு, கார் நிறுத்தப் போறாங்களாம்."

பாத்தி போனால் வேலையும் போகும்; மறுபடி கூடைதான். அதுகூடப் பரவாயில்லை. காலையில் யாரைத் திட்டுவது?

செடிகளோ சொன்ன பேச்சைக் கேட்பதாயில்லை. மொட்டு விடும், விரிவதற்குள் உதிர்ந்துவிடும். தப்பித் தவறி விரிந்த பூ சட்டைப் பொத்தான் அளவு, நிறமும் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி. உச்சிவெயிலில் எல்லாம் செத்ததுபோல் தொங்கும். கடற்காற்று வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிரும்.

"டிராமாவா போட்றீங்க?" என்று கத்தியவள், ஒரு மத்தியானம் மனசு கேட்காமல் குழாயைத் திருப்பிவிட்டாள். மணலில் காய்ந்து கிடந்த ரப்பர் குழாயிலிருந்து வந்ததோ வெந்நீர். ஒரு வரிசைப் பெட்டூனியா, ரசத்தில் போட்ட கொத்துமல்லி ஆயிற்று.

"இன்னாமே, மூஞ்சி காஞ்ச நெத்திலி மாரி கீது?" என்றான் அவள் புருஷன் இருசப்பன்.

"அந்த வெயில்ல உசுரக் காப்பாத்திக்கவே அதுங்களுக்கு நேரம் பத்தலைய்யா. எங்கேந்து பூக்கும்?"

"அப்போ நெழலு குடு. பழைய வலை சும்மாத்தான கெடக்குது?"

வலையை உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசினார்கள். இருவரும் முகர்ந்து பார்த்தார்கள். "ஒரு வாடையும் இல்ல," என்றான் இருசப்பன். அவளும் தலையாட்டினாள். பிறந்ததிலிருந்து மீனோடு கிடந்த மூக்குகள், வேறென்ன சொல்லும்?

சவுக்குக் கம்பு நட்டு, வலையை நாலாய் மடித்துப் பந்தல் போட்டாள். வெயில் ஏறுமுன்பே தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நாளில் ஜீனியா மொட்டுகள் உதிராமல் நின்றன. கூடவே ஒரு செவலைப் பூனையும் வந்து நின்றது. வாடைக்கு வந்தது, நிழலைப் பார்த்ததும் குடியேறிவிட்டது. பிறகு அதன் உறவுமுறை எல்லாம் வந்தது. துடைப்பத்தோடு துரத்தினாள், ஒரு சுற்று ஓடிவிட்டு, வெந்துபோன பெட்டூனியா வரிசையில் வந்து படுத்துக்கொண்டன.

முதலாளியம்மா அமிர்தவல்லி வந்து இறங்கினார். சம்பூர்ணம் சாமியைக் கும்பிட்டு வலையை உருவினாள். இந்தப் பக்கம் ஜீனியா, சிவப்பும் மஞ்சளுமாக, உள்ளங்கை அகலத்துக்குச் சிரித்தது. அந்தப் பக்கம் நட்டுவைத்ததுபோல் வரிசையாகப் பூனைகள். கங்காதரன் கைக்குட்டையால் மூக்கை மூடுவதா, முகத்தையே மூடுவதா என்று தவித்தார்.

"இது எந்த ஊரு செடி?" என்றார் அம்மா, பூனைகளைக் காட்டி.

"அந்த எடத்துல ஊட்டிச் செடிதாம்மா வெச்சோம். வெயில்ல இப்டி மொளச்சிக்கிச்சி."

அம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பில் செவலைப் பூனை ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

சிமெண்ட் மூட்டைகள் கொல்லைப்பக்கம் போயின. மறுநாள் காலை சம்பூர்ணத்தின் குரல் கோவளம்வரை கேட்டது. ஜீனியாவுக்குப் பாதித் திட்டு, பூனைகளுக்குப் பாதி. நடுவே கொட்டாங்கச்சியில் நெத்திலித் தலைகளையும் வைத்துக்கொண்டிருந்தாள்.