எட்னா அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

“எட்னா அக்கா மூணு வாரமா தங்கச்சி வீட்டுக்குப் போகல, அண்ணாச்சி. உடம்புக்கு முடியலையோ என்னமோ” என்கிறார் பொன்மணி, கணினித் திரையில் ஒரு வரியை விரலால் தடவியபடி. எட்னா அக்கா அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1911-ல் வாழ்ந்த அமெரிக்கப் பெண்மணி. அவர் காலமாகி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

பொன்மணிக்கு முப்பத்தெட்டு வயது. சங்கரன்கோவிலில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்வீடு. சென்னை நிறுவனம் ஒன்று அவருக்குப் பழைய அமெரிக்கச் செய்தித்தாள்களின் படங்களை அனுப்பும். கண்ணில் படுவதை அப்படியே தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். பின்சுவருக்கு அப்பால் கணவர் பாண்டியராஜின் விசைத்தறிகள் ஓடுகின்றன. அந்தச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்க வேண்டுமென்று உரக்கப் படித்தபடிதான் தட்டுவார். அயோவாவில் யார் வீட்டுப் பசு கன்று போட்டது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அந்தத் தாள்களில் ஊர்ச்செய்தி என்றால் யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான். அதில் அடிக்கடி வரும் சொல் ‘சண்டேட்’. சண்டே என்ற கிழமையின் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். ‘எட்னா ஹாட்லி தங்கை வீட்டில் சண்டேட்’ என்றால் ஞாயிற்றுக்கிழமையை அங்கே கழித்தார் என்று பொருள். “பத்தி சின்னதுல்லா? நாலு வார்த்தையை ஒண்ணாக்கினா இன்னொரு ஆளு பேரைப் போடலாம்” என்பது பொன்மணியின் விளக்கம்.

போன மாதம் அந்தச் சொல்லால் வம்பு வந்தது. சண்டே பெயர்ச்சொல், இப்படி ஒரு வினை கிடையாது என்று நிறுவனத்தில் சரிபார்ப்பவர் தவறு போட்டுத் திருப்பினார். அடுத்த வாரமும் அதே சொல், அதே தவறு. ஒரே மாதத்தில் மூன்று தவறு வந்தால் வேலை போய்விடும்.

“அவன் சொல்லுத மாதிரி மாத்திக் கொடுத்துட்டுப் போயேன்ட்டி” என்றார் பாண்டியராஜ்.

“பேப்பர்ல இருக்கதை நான் எப்படி மாத்துவேன்? எட்னா அக்கா போயிருக்கா. பேப்பர்காரன் அப்படித்தான் எழுதியிருக்கான்.”

மூன்று நாள் உட்கார்ந்து, தான் முடித்த பக்கங்களையெல்லாம் புரட்டினார். ஒன்பது செய்தித்தாள்களில் நாற்பத்தொரு இடங்களில் அந்தச் சொல் கிடைத்தது. ஊர், தேதி, வரி எண் எல்லாம் எழுதி, மேலே நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் வைத்தார். அனுப்பும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். “இதையே மூணாவது தப்புன்னு போட்டுட்டான்னா என்ன செய்யுதது, அண்ணாச்சி?” என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் அனுப்பியும் விட்டார்.

அடுத்த ஐந்து நாள் தெருவுக்கு அயோவாச் செய்தி எதுவும் கிடைக்கவில்லை. வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் பதில் வந்தது. இரண்டு தவறும் நீக்கப்பட்டன. இனி யாரும் அந்தச் சொல்லைத் திருத்த வேண்டாமென்று எல்லோருக்கும் தகவல் போயிற்று. பொன்மணி அந்தப் பதிலைத் தறிச்சத்தத்தையும் மீறி இரண்டு முறை படித்தார்.

“நாப்பத்தொரு இடத்துல போட்டிருக்கான். அத்தனை பேரும் ஞாயித்துக்கிழமை தவறாம சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்காவ” என்றார் கணவரிடம்.

“அவங்க போனதெல்லாம் சரி. நீ வேல்விழியைப் பாத்து எத்தனை மாசமாச்சு?” என்றார் பாண்டியராஜ்.

வேல்விழி பொன்மணியின் தங்கை. பக்கத்தில் சிவகிரியில்தான் இருக்கிறார். பொன்மணி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கிறவர்.

அந்த ஞாயிறு காலை பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். சிவகிரி பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஒரு கையில் பூப்பொட்டலத்தை உயர்த்திப் பிடித்து, மறு கையால் பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டிக்கொண்டே ஓடினார் பொன்மணி.